வெயில் வரட்டும்

பெயர்ந்து விழுந்த காரைக் கட்டி ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு, மருந்துக்கடைக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றார் தையல்காரர். மழையில் ஊறி அந்த வாசற்கதவு நிலையோடு இறுகிக் கிடந்தது. புதிதாக வருகிறவர்கள் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆள் இல்லை போல என்று திரும்பிப் போய்விடுவார்கள்.

தையல்காரர் கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கி, முழங்காலால் கீழ் மூலையில் ஒரு முட்டு முட்டினார். கதவு திறந்துகொண்டது. கோபம் வந்தால் பலமும் சேர்ந்து வரும் என்பார்கள்.

"என்னது இது?" என்றார் பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்த மருந்துக்கடைக்காரர்.

"உங்க வீட்டு மேல்தளம் சார். காலைல என் தலையணை மேல வந்து விழுந்துச்சு. நல்லவேளை, நான் எழுந்திரிச்சு பல்லு தேச்சுக்கிட்டிருந்தேன்."

மருந்துக்கடைக்காரர் கட்டியை வாங்கி, காலாவதி தேதியைத் தேடுகிறவர் போல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல காரைங்க. இந்தக் காலத்துல யாரு இப்படிப் பூசுறா?"

"பூசினது மேலயே இருக்கணும்ல சார்?"

"முதல்ல உக்காருங்க."

தையல்காரர் கதவைச் சாத்திவிட்டு, எதிரே இருந்த முக்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் கொட்டினார். "கூடத்துல பக்கெட்டு. படுக்கையறைல குண்டான். அடுப்படில நான் குடை பிடிக்கிறேன், என் சம்சாரம் சமைக்கிறா. எத்தனை தடவைதான் சார் சொல்றது?"

"இதைக் கோடைலயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே! 'இப்ப ஒழுகுதா?'ன்னு கேட்டீங்க. இல்லைன்னேன். 'அப்புறம் என்ன?'ன்னு அனுப்பிட்டீங்க."

"நியாயமாத்தானே கேட்டிருக்கேன்."

"இப்ப ஒழுகுது சார்!"

"இந்த மழைல எந்தக் கொத்தனாருங்க மேல ஏறுவான்? வழுக்கி விழுந்தா அந்தப் பாவம் யாருக்கு? வெயில் வரட்டும்."

தையல்காரரின் குரல் இறங்கிவிட்டது. "ஞாயித்துக்கிழமை என் பொண்ணு கைக்குழந்தையோட வர்றா சார். பேரனை நான் இன்னும் போட்டோலதான் பாத்திருக்கேன். மாப்பிள்ளை நேத்து போன் பண்ணி, 'தொட்டில் கட்டுற இடத்துல சொட்டு விழாதுன்னு சொல்லுங்க மாமா, அனுப்பி வைக்கிறேன்'ங்கிறாரு. நான் என்னன்னு சொல்ல?"

வாழ்க்கையில் முதல்முறையாக அளவெடுக்காமல் அவர் தைத்த குட்டிச் சட்டை ஒன்று, வீட்டில் மெஷின் மேல் காத்துக் கிடந்தது.

"தொட்டிலை ரெண்டடி தள்ளிக் கட்டுங்க."

"அங்கயும்தான் சொட்டுது."

"அப்போ வெயில் வரட்டும்."

எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான். இனிப் பேசிப் பிரயோஜனமில்லை என்று தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க? பாதிதானே முடிஞ்சிருக்கு!" மருந்துக்கடைக்காரர் அவசரமாக எழுந்து, தையல்காரரைப் பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு தான் போய் முக்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைகளை மடியில் சேர்த்துக்கொண்டார்.

"சார், இந்த வாசக்கதவை எப்ப மாத்தித் தரப்போறீங்க?" குரல் குழைந்தது. "நேத்து என் சம்சாரம் வெளிய நின்னு தொப்பலா நனைஞ்சிட்டா. தள்ளித் தள்ளி எனக்குத் தோளே இறங்கிப்போச்சு."

தையல்காரர் நன்றாகச் சாய்ந்துகொண்டார். ஒரு கால் மேல் இன்னொரு கால் தானாக ஏறியது. கண்ணீர் போன இடம் தெரியவில்லை.

"மரம்னா ஈரத்துல ஊதத்தான் செய்யும். தூக்கி ஒரு முட்டு முட்டினா திறக்கப்போகுது. இப்ப நான் திறந்து வரலையா?"

"உங்களுக்குப் பழக்கம் சார்..."

"உங்களுக்கும் பழகிடும். வெயில் வரட்டும்."

உள்ளேயிருந்து டீயோடு வந்த மருந்துக்கடைக்காரரின் மனைவி, தம்ளர்களை ணங்கென்று வைத்தாள்.

"அவங்கவங்க கடைக்குக் கிட்டன்னு சொல்லி நீங்க எங்க வீட்டுக்கு வாடகைக்குப் போனீங்க, நாங்க உங்க வீட்டுக்கு வாடகைக்கு வந்தோம். அன்னைலேருந்து மாசாமாசம் இதே கூத்து!" என்றவள் தையல்காரரிடம் திரும்பினாள். "அண்ணே, இங்க ஒரு சொட்டு ஒழுகலை. புள்ளைய இங்க கூட்டிட்டு வரச் சொல்லுங்க. இது உங்க சொந்த வீடுதானே? அவங்க இருக்கிற வரைக்கும் நாங்க அங்க போய் பக்கெட்டைக் கட்டிக்கிட்டுப் படுத்துக்கிறோம்."

மருந்துக்கடைக்காரருக்கு டீ புரையேறியது. தையல்காரர் முகத்திலோ அன்றைக்குத்தான் முதல் வெயில் அடித்தது. மகளுக்குப் போன் செய்ய வெளியே போகலாம் என்று துள்ளி எழுந்து, கதவைப் பிடித்து இழுத்தார்.

இன்னொரு தரம், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது.

அதைக் கொண்டுவந்து டீத் தம்ளர்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"வேண்டாம்மா. இந்த வீட்டு ஓனர் சரியில்ல."