சுத்தக் கார்பன் மாப்ள

வைரத்துக்குப் பொண்ணு பாக்குறது லேசுப்பட்ட வேலை இல்லீங்க. தரகர் கல்லுப்பு கொண்டுபோன பத்து வரனும் தட்டிப்போச்சு. அடுத்ததும் ஊத்திக்கிச்சுன்னா தொழிலையே விட்டுட வேண்டியதுதான்.

"ஸ்படிகம் வேணாம், சிலிக்கானும் ஆக்ஸிஜனும் கலந்த குடும்பம். மாணிக்கத்துல அலுமினியம் வேற. எங்க வம்சம் வெறும் கார்பன்யா, வேற ஒரு அணு உள்ள நுழைஞ்சதில்ல"ன்னுச்சு வைரம். "நீயே சோடியத்துக்கும் குளோரினுக்கும் பொறந்த கலப்புதானே? தள்ளி நின்னே பேசு."

கல்லுப்பு தள்ளி நின்னே பேசிட்டு, ஊரெல்லாம் அலைஞ்சு கிராஃபைட்டைக் கூட்டிட்டு வந்துச்சு. "பாருங்க மாப்ள, உச்சியிலேர்ந்து பாதம் வரைக்கும் கார்பன். உங்க சொந்த அத்தை பொண்ணு மாதிரி!"

வைரம் மூஞ்சியைச் சுளிச்சுச்சு. "என்னய்யா, பொண்ணு கறுப்பா இருக்கு?"

"நீங்க கலர் கேக்கவே இல்லியே!"

கிராஃபைட் சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுச்சு. "எனக்கும் வேணாம்ணே. கண்ணாடியைக் கீறுறதைத் தவிர மாப்ளைக்கு வேற வேலை தெரியாது போல." விறுவிறுன்னு போயிடுச்சு.

கல்லுப்பு தலையில கைவச்சு உக்காந்துச்சு. வைரம் மெல்லப் பக்கத்துல வந்து ஒட்டி உக்காந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டுச்சு:

"ஏன் தரகரே, உங்களுக்குத் தங்கச்சி யாராச்சும் இருக்காங்களா? உங்கள மாதிரியே வெள்ளையா?"