கும்பிடும் இடம்

சிற்றம்பலத்தின் கழுத்துக் கட்டிக்குள் ஊசியால் ஒரு கூழை ஏற்றி, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைப் பாய்ச்சி, கூழ் கொதித்த சூட்டிலேயே கட்டியைப் பொசுக்கிவிட்டார்கள். கட்டி போயிற்று, கூழ் தங்கிவிட்டது. "அந்த வெளிச்சம் பட்டா கூழ் மறுபடி சூடாகும், எங்க இருந்தாலும் ஒதுங்கிடுங்க" என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

மகள் கல்யாணத்தில், முகம் பார்த்துக் கதவு திறக்கும் மண்டப வாசல் கருவியின் விளக்கு அதே வெளிச்சத்தைக் கக்கும் என்று யார் கண்டது? பெண்ணின் அப்பா அதற்குக் கீழே நின்றுதான் கும்பிட வேண்டும். ஊரில் பாதி வந்துவிட்டது. மீதி வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தலைக்கும் விளக்கு சிமிட்ட, அவர் கழுத்து தோசைக்கல்லாகக் காய்ந்தது.

"என்னங்க இப்படி வேர்க்குது? உள்ள வாங்க" என்றாள் மனைவி கோமளம்.

"சும்மா இருடி. நகர்ந்தா ஏன்னு கேப்பாங்க. வியாதி தெரிஞ்சா தாலி ஏறுமா?"

சம்பந்தி சிரித்துக்கொண்டே வந்தார். "நம்ம ஆபீஸ்காரங்க நாலு பஸ்ல வந்துட்டாங்க, சம்பந்தி. அசையாம நில்லுங்க!"

சிற்றம்பலம் கைகூப்பினார். அவர் மாலையைச் சரிசெய்யப் போன கோமளம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கழுத்தை ஒட்டிய மல்லிகை கருகியிருந்தது.

முதல் பஸ்ஸின் கதவு திறந்தது.