மேல்தட்டு மெழுகுவர்த்தி

"சோயாவுல மெழுகுவர்த்தியா? நம்ம ஊர்ல அதைப் பன்னிக்குத்தான் போடுவாங்க. புனித நிக்கோலாவுக்கு ஏத்த மாட்டாங்க!"

வுகாஷின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு முழங்கினார். உள்ளே அவருடைய மருமகள் துன்யா, உருகிய மெழுகில் வெப்பமானியை விட்டு, அது காட்டும் அளவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சன்னலோரத்தில், சோதனைக்காக ஏற்றப்பட்ட மெழுகுவர்த்திகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. ஒன்று புகைந்தது. ஒன்று தான் உருக்கிய குளத்தில் தானே மூழ்கித் திரியை இழந்தது. மற்றொன்று இடுப்பை வளைத்து நின்றது.

"பார் உன் பிள்ளைங்களை! ஒண்ணு இருமுது, ஒண்ணு முழுகுது, ஒண்ணு குடிச்சவன் மாதிரி சாயுது."

"அது பழைய கலவை மாமா. சோயா அதிகம், மெழுகை இறுக வைக்கிற ஸ்டியரின் கம்மி. தப்பானதை எரிச்சுப் பாத்தாத்தானே சரியானது கிடைக்கும்?"

"தேன்மெழுகுக்கு எதுக்கம்மா சோதனை? தேனீ என்ன, வெப்பமானி வச்சுக்கிட்டா மெழுகு பண்ணுது?"

தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்ததில் அவருடைய தொப்பி கழன்று தரையில் விழுந்தது.

"அதைக் கொஞ்சம் எடு தாயி. என் முழங்கால் மடங்காதுன்னு உனக்குத்தான் தெரியுமே."

துன்யா எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வசையைத் தொடர்ந்தார்.

வழக்கு உண்மையில் மெழுகைப் பற்றியதன்று. அந்த அறையைப் பற்றியது. முன்பு அங்கே வுகாஷினின் பிளம் சாராயக் கொப்பரை வீற்றிருந்தது. மருமகள் வாசனை மெழுகுக் கட்டிகளும் மெழுகுவர்த்திகளும் வார்க்கத் தொடங்கிய பின்னர், அது கோழிக்கூண்டின் பக்கத்திற்கு ஒதுக்கப்பட்டது. அன்றுமுதல் சாராயத்தில் கோழி வாடை அடிப்பதாக அவர் குறைகூறி வந்தார்; குடிப்பதை மட்டும் குறைக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை ஆனா, பெட்டியைத் தூக்கிக்கிட்டு மலைப் பக்கம் பஸ் ஏறுறியே, அதையெல்லாம் எந்த முட்டாள் வாங்குறான்?"

"மூக்கு இருக்கறவங்க வாங்குறாங்க மாமா."

அவருடைய மீசை துடித்தது.

"சரி, பந்தயம்! நாளைக்கு நம்ம குலப் புனிதர் திருநாள். உன் மெழுகுவர்த்தியையே ஏத்தறேன். கடைசி விருந்தாளி போற வரைக்கும் அது நின்னு எரிஞ்சா, இந்த அறை உனக்கு. நடுவுல அணைஞ்சா, என் கொப்பரை உள்ள, உன் பானை வெளிய!"

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் வுகாஷின்!"

திருநாள் மெழுகுவர்த்தி இடையில் அணைந்தால் அவ்வீட்டிற்கு ஆகாது என்பது அவ்வூரார் அனைவரின் அச்சம். ஆகவே, பந்தயம் கட்டிய வாய் மூடுமுன்பே வுகாஷின் அதற்காக வருந்தத் தொடங்கினார். அன்றிரவு அவர் உறங்கவில்லை.

மறுநாள் மேசைமீது பொரித்த மீனும், பீன்ஸும், இனிப்புக் கோதுமையும், சிலுவை பதித்த ரொட்டியும் பரப்பப்பட்டன. நடுவே அந்த மெழுகுவர்த்தி. வுகாஷின் சிலுவைக் குறியிட்டு அதனை ஏற்றினார். சன்னல்கள் இறுக மூடப்பட்டன. துன்யா பரிமாறும்போதும் சுடரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாமனாரோ வழக்கத்திற்கு மாறாக நாள் முழுதும் புன்னகை பூத்திருந்தார்.

ஊரில் பாதி வீடுகளுக்கு அதே புனிதர். வீட்டிற்கு ஒரு கிண்ணம் பிளம் சாராயம். அத்தனையையும் மறுக்காது ஏற்றுக்கொண்டு, பாதிரியார் சிமெயோன் அந்தி சாயும் வேளையில் வந்து சேர்ந்தார். ஜெபித்து, ரொட்டியை வெட்டி, இருக்கையில் சாய்ந்தபின் மூக்கை உறிஞ்சினார்.

"அடடா! தேன் மாதிரி என்ன ஒரு வாசம்! சுடர் ஆடவே இல்லையே. யாரும்மா வார்த்தது?"

"நான்தான் ஃபாதர்," என்றாள் துன்யா, முகம் மலர்ந்து.

பாதிரியாரே கடைசி விருந்தாளி. அவர் எழுந்து அங்கியைச் சரிசெய்தபோதும் சுடர் நிமிர்ந்தே நின்றது.

"மாமா, அறை எனக்குத்தானே?"

வுகாஷின் இந்த நொடிக்காகவே காத்திருந்தவர்போல் மேசையைத் தட்டினார்.

"ஃபாதர், இது அவ மெழுகுவர்த்தியே இல்ல! அவளோடது என் பீரோ மேல தூங்குது. இன்னைக்கு விடிஞ்சதும் விடியாததுமா மலை மடத்துக்குப் போனேன். அங்க மெழுகுவர்த்திக் கடையில ஆளில்ல. காசை உண்டியல்ல போட்டேன், சுத்தத் தேன்மெழுகுல ஒண்ணு எடுத்தேன், கமுக்கமா மாத்தி வச்சேன். அதே உயரம், அதே பருமன்! வார்த்தவளுக்கே வித்தியாசம் தெரியல பாருங்க!"

"மாமா, இது பந்தயத்துல சேராது."

"உன்னோடதா இருந்தா மத்தியானமே செத்திருக்கும். தேன்மெழுகும்மா! தேனீ பண்ணினது! கடவுள் பண்ணினதுக்கும் கரண்டியில கிண்டினதுக்கும் வித்தியாசம் தெரிஞ்சுதா இப்ப?"

"மடத்துப் பொருளுக்கு ஈடு ஏது!" என்று பாதிரியார் தலையாட்டினார். துன்யாவின் கணவன் நெபோய்ஷா, தட்டில் கிடந்த மீன்முள்ளை மிகுந்த அக்கறையுடன் ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"நாளைக்கே கொப்பரை உள்ள வந்துடும்," என்றார் வுகாஷின்.

துன்யா மெழுகுவர்த்தியருகே குனிந்து, கண்ணை மூடி ஒருமுறை முகர்ந்தாள். பிறகு மெதுவாக நிமிர்ந்தாள்.

"கடையில எந்தத் தட்டுல இருந்து எடுத்தீங்க மாமா?"

"மேல்தட்டுலதான். குனிஞ்சு எடுக்க என் முழங்கால் விடுமா? ஏன் கேக்கற?"

"தேன்மெழுகு இருக்கறது கீழ்த்தட்டுல மாமா," என்றாள் துன்யா. "மேல்தட்டுல அடுக்கத்தான் நான் வெள்ளிக்கிழமை தோறும் பஸ் ஏறுறேன்."