வேறு எந்த வீட்டிலும் இல்லாதது

இப்போதெல்லாம் நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பதைப் பிறர் எவ்வளவு இறக்கிக்கொள்கிறார்களோ, அந்த அளவுக்குத்தான் நமக்கு நெட் வேகம். எங்களிடம் இருந்த படங்களும் பாட்டுகளும் எல்லா வீட்டிலும் இருந்தன. யார் சீந்துவார்கள்? மகள் இனியாவின் ஆன்லைன் வகுப்பு தினமும் பாதியில் உறைந்து நின்றது.

இன்று காலை திடீரென்று நெட் வேகமெடுத்துப் பறந்தது.

"என்னத்தப் போட்டுவிட்டீங்க?" என்று கணவர் ஞானதாஸிடம் கேட்டேன்.

"வேற எந்த வீட்லயும் இல்லாதது," என்றார் பெருமையாக. "உங்கம்மா செத்தன்னிக்கு நீ அழுதது. ஹால் கேமராவுல இருந்துச்சு. ஊரே இறக்குது!"

அம்மாவின் காலடியில் விழுந்து, முடி அவிழ்ந்து, மாரில் அடித்துக்கொண்டு நான் கதறியதை!

"உங்கம்மாவுக்கு நீங்க அழுததப் போட வேண்டியதுதானே?"

"நான் அழுதா யாரு பாப்பாங்க?"

நெட் வயரைப் பிடுங்கி எறிந்தேன். வகுப்பு நின்றது. இனியா என்னைத்தான் முறைத்தாள்.

அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டு பிலோமினா போனும் கையுமாக நின்றாள். அன்று நான் மயங்கிச் சரிந்தபோது என்னைத் தாங்கிப் பிடித்தவள்.

"அக்கா, லைனப் போடுங்களேன். நான் உங்களப் புடிக்கிற எடம் மட்டும் இன்னும் இறங்கல."