ஸ்கூட்டர் திருடன்

“ஸ்கூட்டர் திருடினா எத்தனை வருஷம் உள்ள போடுவாங்க?” நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டார் ஓய்வுபெற்ற தபால்காரர்.

“திருடினது யாரு?” என்றார் வக்கீலம்மா.

“நான்தான். நாலு நாளைக்கு முன்னாடி விடியக்காலையில தள்ளிட்டுப் போய் சிநேகிதன் வீட்டு ஷெட்டுல ஒளிச்சு வெச்சுட்டேன். இப்ப போலீஸ்ல புகார் போயிடுச்சு. தெருக் கேமராவுலயும் மாட்டிக்கிட்டேன்.”

“பேசாம வண்டியைத் திருப்பிக் கொடுத்துடுங்க.”

“கொடுத்தா என் பொண்டாட்டி மறுபடியும் ஓட்டுவாளே! கண்ணுல புரை. எதிர்ல லாரி வந்தாகூடத் தெரியல. ஆபரேஷன்னு சொன்னா அடிக்க வர்றா.”

வக்கீலம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். “நேத்து அவங்களும் இங்க வந்தாங்க. போலீஸ் கேமரா படத்தைக் காட்டினப்போ, திருடன் யாருன்னே தெரியலைன்னு பொய் சொல்லிட்டாங்களாம். அதுக்கு எத்தனை வருஷம்னு கேட்டாங்க.”

“அவளுக்குத்தான் கண்ணு தெரியாதே!”

“முகம் தெரியலையாம். நாலடிக்கு ஒரு தரம் நின்னு நெஞ்சைத் தடவிக்கிட்டீங்களாமே, அதை வெச்சே கண்டுபிடிச்சுட்டாங்க.”

தபால்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

வக்கீலம்மா டிராயரிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து அவர் முன் வைத்தார்.

“பயத்துல நாலு நாளா மாத்திரையைத் தொடவே இல்லையாமே? ‘அவர் எப்படியும் உங்ககிட்டதான் வருவார். இதை அவர் போட்டா, நான் ஆபரேஷனுக்கு வர்றேன்’னு கொடுத்துட்டுப் போனாங்க.”