ஊறிய காம்பு

தில்லைநாயகம் வீட்டுக் கொல்லையில் சின்ன உலை வைத்து, ஞாயிறுதோறும் கத்தி அடித்துப் பழகுகிறார். அவருடைய சுத்தியலின் தலை கொஞ்ச நாளாகவே ஆடுகிறது. அதனால் சனிக்கிழமையே அதை வாளித் தண்ணீரில் போட்டுவிடுவார். மரக்காம்பு ஊறிப் புடைத்து, தலையை இறுக்கிக்கொள்ளும்.

இந்த ஞாயிறு அரை மணி நேரம் அடித்ததும் தலை கேட்டது: "பிடி தளருதே, தெரியுதா?"

"தெரியுது," என்றது காம்பு. "உலைச் சூட்டுல காஞ்சுட்டேன். போன வாரத்தைவிட இன்னும் சுருங்கிட்டேன்."

"உன் உச்சியில ஒரு ஆப்பு இறக்கினா போதுமே."

"வாளியிலேருந்து எடுக்கிறப்போ இறுக்கமா இருக்கோம்ல. அதனால அவருக்குத் தோணல."

எதிரே அவர் மனைவி காபியோடு வந்து நின்றாள். சுத்தியல் மேலே போனது.

"விட்டுடாதே," என்றது தலை. "கழண்டா நேரா அவங்க முகத்துக்குத்தான் போவேன்."

அடி விழுந்தது. தலை ஒரு விரற்கடை நழுவி, எப்படியோ நின்றுவிட்டது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போதாவது ஆப்பு தேடுவார் என்று இரண்டும் காத்திருந்தன. அவர் சுத்தியலை மறுபடியும் வாளியில் போட்டுவிட்டு, காபியை வாங்கிக்கொண்டார்.

தண்ணீரில் காம்பு மெல்லப் புடைத்தது.

"பாத்தியா, இறுகிட்டேன்," என்றது. "வீணா பயந்துட்டோம்."

"ஆமா," என்றது தலை.