முறிந்த கழுத்து

கழுத்து இரண்டாக முறிந்திருந்தது. வயிற்றுத் தோல் வெடித்து உள்பக்கம் சுருண்டிருந்தது. அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு, விளக்கைக் கிட்டே இழுத்து, கூர்முனைக் கம்பியால் முறிவுக்குள் துழாவினாள்.

“செத்துப்போனதை எதுக்குடி அறுத்துப் பாக்குறே?” என்றாள் அம்மா, அடுப்படி வாசலில் நின்றபடி.

மேசைமேல் கிடந்தது பாஞ்சோ யுக்குலேலி என்ற வாத்தியம். தோல் கட்டிய வட்ட உடம்பு, குட்டிக் கழுத்து, நாலு தந்தி. அப்பா விட்டுப்போன ஒரே சொத்து. தம்பிக்கு அதுதான் உயிர்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அவன் புத்தகத்தை மூடிவிட்டு அதன் பையைத் தூக்கினான். அக்கா பிடுங்கிக் கட்டிலில் வீசினாள். மெத்தைமேல்தான் விழுந்தது. ஆனாலும் பைக்குள் ‘மளுக்’கென்றது.

தம்பி பையைத் திறந்து பார்த்தான். மறுநாளே, பரீட்சையும் வேண்டாம், வீடும் வேண்டாம் என்று போய்விட்டான். எப்போதாவது அம்மாவுக்குப் போன் வரும். அக்கா எடுத்தால் வைத்துவிடுவான்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு தம்ளர் உருண்டாலும், “அவ கை அப்படி” என்பாள் அம்மா. அக்கா எதிர்த்துப் பேசியதில்லை. வீசியது அவள் கைதானே.

இப்போது தம்பிக்குக் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது. ஏறினால் மூன்று வருஷம். துறைமுகத்துக்குப் போகிற வழியில், சனிக்கிழமை இரண்டு மணி நேரம் வீட்டுக்கு வருகிறான். செய்தி வந்ததே புதன்கிழமைதான்.

அக்காவுக்குப் பல்செட் செய்யும் இடத்தில் வேலை. கம்பியும் கருவியும் இரவல் கேட்டபோது, “நம்ம பல்லு கடிக்கத்தானே செய்யும், பாடவுமா செய்யும்?” என்று முதலாளி சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

முறிவின் இரண்டு முகத்திலும் பழைய பசை மஞ்சளாகக் கட்டிதட்டியிருந்தது. பல்லில் காரை சுரண்டுவதுபோல் அதைச் சுரண்டியெடுக்கவே ஒரு மணி நேரம் ஓடியது.

“என்னத்தை அப்படி உத்து உத்துப் பாக்குறே?” அம்மாவின் குரல் உயர்ந்தது.

“ஒண்ணுமில்லம்மா. அழுக்கு.”

“குப்பையில போடு. அவன் என்னைப் பாக்க வர்றான், அதைப் பாக்க இல்ல.”

வியாழக்கிழமை கழுத்தை ஒட்டி இறுக்கிக் கட்டினாள். வெள்ளிக்கிழமை புதுத் தோலை ஊறவைத்து வளையத்தில் மாட்டினாள். வாத்தியக் கடையில் இருந்தது ஒரே தோல். “பாத்துக்கம்மா, கிழிஞ்சா அடுத்தது வர ஒரு மாசம் ஆகும்,” என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார்.

சனிக்கிழமை மதியம் தோலை இழுத்துப் பிடிக்கும் கொக்கிகளைத் திருகிக்கொண்டிருந்தபோது ‘பட்’டென்று சத்தம். அக்கா சட்டென்று கையை எடுத்தாள்.

“கிழிஞ்சிருச்சா?” அம்மா ஓடிவந்தாள். “கிழிஞ்சா விட்டுத்தொலையேன்.”

தோல் இல்லை, துருப்பிடித்த கொக்கி ஒன்று. பல்செட் கம்பியை வளைத்து வேறு கொக்கி செய்தாள். அவசரத்தில் கம்பி விரலைக் கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மணி மூன்று. தந்தி முறுக்கும் ஆணி வழுக்கியது. முறுக்க முறுக்கச் சுருதி இறங்கியது. பிடிப்புக்காகப் பல் அச்சு எடுக்கும் மாவைத் தடவினாள். மறுபடியும் வழுக்கியது.

“நில்லு, உன்னைக் கும்பிடுறேன், இன்னிக்கு ஒருநாள் நில்லு,” என்று ஆணியிடம் கெஞ்சினாள். கண்ணீர் பட்டால் தோல் தளர்ந்துவிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாலு மணிக்கு ஆணி நின்றது. நாலேகாலுக்கு வாசலில் செருப்புச் சத்தம்.

தம்பி தாடி வைத்திருந்தான். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் தோளுக்கு மேலாக அவன் மேசையைப் பார்த்தான்.

“ஒட்டிட்டா எல்லாம் சரியாப்போச்சா?”

பதினோரு வருஷத்தில் அவன் அக்காவிடம் பேசிய முதல் பேச்சு அது.

“சரியாகாதுடா, தெரியும். ஒரே ஒரு தடவை தொட்டுப் பாரு.”

அவன் நகரவில்லை. அக்காவே நாலு தந்தியையும் மீட்டினாள். நாலும் கணீரென்று பேசின. அறை முழுக்க அப்பா வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. தம்பி கீழே வைத்த பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

“நான் கிளம்புறேம்மா. இவ இருக்கிற இடத்துல என்னால உக்கார முடியல.”

அக்கா ஓடிப்போய் வாசலை மறித்து மண்டியிட்டாள்.

“உன்னைவிட மூத்தவ, உன் காலைப் பிடிக்கிறேன்டா. அந்த ரெண்டு மணி நேரம் அம்மாகூட இருந்துட்டுப் போ. நான் தெருவுல நின்னுக்கிறேன்.”

துணி சுற்றிய விரல் அவன் பாதத்தை நோக்கி நீண்டது.

“தொடாதடி!”

அம்மா போட்ட கூச்சலில் இருவரும் திரும்பினார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு கோணியது.

“அவளைத் தூக்கிவிடுடா... அவ வீசுறதுக்கு முந்தின நாளே அதை உடைச்சு ஒட்டிவச்சது நான்.”